காலி ஹாஸ்டல்ல அளந்த வைஃபை எங்களுக்கு வேணாம்: காலேஜ் மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு திறந்த மடல்

பிரின்சிபால் சார், சீஃப் வார்டன் மேடம், ஐடி செல்ல இருக்கற சார்கள், அப்புறம் இதுல கையெழுத்து போடப் போற மேனேஜ்மென்ட்டுக்கு,

மெஸ் வாசல்ல ஒட்டியிருக்கற சர்க்குலரைப் படிச்சோம். கட்டிக்கிட்டு இருக்கற புது லேடீஸ் ஹாஸ்டல் பிளாக்குக்கு வைஃபை பிளான் ஓகே ஆயிடுச்சாம், "தற்போதுள்ள பிளாக்கின் மாதிரியிலேயே" ஃப்ளோருக்கு 2 ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் அனுப்பற பாக்ஸ்), ரெண்டும் காரிடார்ல, லைனை 300 எம்பிபிஎஸ்ல இருந்து 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு ஏத்துறீங்க, ராத்திரி 10.30க்கு ஆஃப் ஆகி காலைல 5க்கு ஆன் ஆகும், அடுத்த வருஷத்துல இருந்து ஹாஸ்டல் ஃபீஸ்ல ஐடி சார்ஜ்னு தனியா ஒரு வரி வரும். இதை எழுதினவங்க யாரும் "தற்போதுள்ள பிளாக்"ல ஒரு ராத்திரி கூட நெட் யூஸ் பண்ணிப் பாத்ததில்லன்னு மட்டும் எங்களுக்கு நல்லா தெரியுது. நாங்க அங்கதான் குடியிருக்கோம், நாலாவது வருஷமா.

லேடீஸ் ஹாஸ்டல் கேட்டை சாயங்காலம் 6.30க்கு மூடுறீங்க. பாய்ஸ் ஹாஸ்டலுக்கு 9. லைப்ரரி 8 மணி வரைக்கும் திறந்திருக்கு, டிஜிட்டல் லைப்ரரில நெட்டும் நல்லா வரும், ஆனா 6.30க்கு மேல அது பசங்களுக்கு மட்டும்னு யாரும் எழுதி வைக்கல, கேட் பூட்டினதால தானாவே அப்படி ஆயிடுச்சு. பசங்களுக்கு நெட் வரலன்னா மெயின் ரோட்டு டீக்கடைல டவர் கிடைக்கற இடமாப் பாத்து உக்காந்து சப்மிட் பண்ணிட்டு வந்துடுவாங்க. எங்களுக்கு 6.30க்கு அப்புறம் ஹாஸ்டல் வைஃபைய விட்டா வேற வழி கிடையாது. மொபைல் டேட்டா இருக்கேன்னு கேப்பீங்க. ரூமுக்குள்ள டவர் ஒரு கோடு, ஜன்னல் கிட்ட போனா ரெண்டு கோடு, ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்கு மத்தியானமே லேப்ல ஹாட்ஸ்பாட் போட்டு காலியாயிருக்கும். (கேட் டைம் பத்தி தனியா ஒரு சண்டை பாக்கி இருக்கு, அதை இதுல கலக்கல.)

8 மணிக்கு மேல எங்க பிளாக்குக்கு வந்து பாருங்க மேடம். ரூம்ல இருக்க வேண்டியவங்க பாதிப் பேர் காரிடார் தரையிலயும் படிக்கட்டுலயும் லேப்டாப்பை மடில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, ஆக்சஸ் பாயின்ட்டுக்கு நேர் கீழ பாய் போட்டு இடம் பிடிக்கறதும் உண்டு. கொசு பிடுங்கும். ரவுண்ட்ஸ் வர்ற வார்டன் மேம் "ரூமுக்குப் போய் படிங்கம்மா, வழியில உக்காராதீங்க"ன்னு சொல்லுவாங்க, அவங்க சொல்றது நியாயம்தான், ஆனா ரூம்ல நெட் இல்லையே. செகண்ட் ஃப்ளோர்ல ஒரு பொண்ணு பிளேஸ்மென்ட்டுக்கு ஆன்லைன் டெஸ்ட் எழுதினா. கேமரா ஆன்ல இருக்கணும், பின்னாடி யாரும் நடக்கக் கூடாதுன்னு கண்டிஷன், அதனால காரிடார்ல உக்கார வழியில்ல, ரூம்லதான் எழுதியாகணும். பாதில கனெக்ஷன் போச்சு, திரும்ப லாகின் ஆகறதுக்குள்ள டெஸ்ட் முடிஞ்சு போச்சு. பிளேஸ்மென்ட் செல்ல போய்க் கேட்டா "நெட் நல்லா இருக்கற இடத்துல உக்காந்து எழுதியிருக்கணும்"னு பதில். ராத்திரி 7.30க்கு ஒரு ஹாஸ்டல் பொண்ணுக்கு நெட் நல்லா இருக்கற இடம் எதுன்னு நீங்களே சொல்லுங்க சார், போய் உக்காந்துக்கறோம்.

கம்ப்ளைன்ட் நோட்டுல எழுதாம இல்ல. பக்கம் பக்கமா இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "சரி செய்யப்பட்டது"ன்னு சைனும் இருக்கு. எப்படி சரி செய்யறாங்கன்னா ஐடி செல்ல உக்காந்தபடியே ஆக்சஸ் பாயின்ட்டை ரீபூட் பண்ணுவாங்க, எல்லாரும் ஒரே நேரத்துல டிஸ்கனெக்ட் ஆவோம், திரும்ப ஏறினதும் கொஞ்ச நேரம் நல்லா ஓடும், அப்புறம் பழைய கதை. நோட்டுல மட்டும் சரி ஆயிடுச்சு.

எங்க கோபம் உண்மைல எதுலன்னா, "சைட் சர்வே மேற்கொள்ளப்பட்டது"ன்னு சர்க்குலர்ல ஒரு வரி இருக்கு பாருங்க, அதுலதான். எப்ப பண்ணினாங்கன்னு அட்டெண்டர் அக்காகிட்ட கேட்டோம். ஒரு வொர்க்கிங் டே, காலைல 11 மணி. ஏன்னா லேடீஸ் ஹாஸ்டலுக்குள்ள ஜென்ட்ஸ் வரணும்னா நாங்க உள்ள இருக்கக் கூடாது, அதுதான் ரூல், அந்த ரூல் வேணாம்னும் நாங்க சொல்லல. வெண்டர்கிட்ட இருந்து ரெண்டு அண்ணன்கள் வந்தாங்களாம், பழைய பிளாக் காரிடார்ல ஆக்சஸ் பாயின்ட்டுக்குக் கீழ நின்னு ஃபோன்ல ஸ்பீட் டெஸ்ட் போட்டாங்களாம், வந்த நம்பரை ஃபோட்டோ எடுத்தாங்களாம், ஃப்ளோருக்கு ஒண்ணு, டீ குடிச்சிட்டு கிளம்பிட்டாங்க. அந்த நேரத்துல மொத்த ஹாஸ்டல்லயும் கனெக்ட் ஆகியிருந்தது வார்டன் மேம் ஃபோனும், ஜுரம்னு லீவு போட்டு படுத்திருந்த ஒண்ணு ரெண்டு பேர் ஃபோனும்தான். ரூம் எல்லாம் பூட்டியிருந்துச்சு. அதனால ஒரு ரூமுக்குள்ள கூட அளக்கல.

இது இந்த ஒரு தடவை நடந்த கூத்துன்னு நினைக்காதீங்க. முதல் முதல்ல ஆக்சஸ் பாயின்ட் மாட்டினதும் பகல்ல, ரிப்பேர் பாக்கறதும் பகல்ல, "செக் பண்ணிட்டோம், நல்லாதான் வருது"ன்னு சொல்றதும் பகல்ல. இந்த ஹாஸ்டல் நெட்வொர்க்கை ஆரம்பத்துல இருந்தே ஆள் இல்லாத நேரத்துல மட்டும்தான் அளந்திருக்காங்க. ராத்திரி 9.30க்கு, ரூம் கதவு சாத்தி, மூணு பேரும் அவங்கவங்க கட்டில்ல உக்காந்து, ஆளுக்கொரு ஃபோன் ஆளுக்கொரு லேப்டாப்னு இருக்கற நிலைமைல யாராவது அளந்திருக்காங்கன்னா அது நாங்க மட்டும்தான்.

ஆமா, நாங்க அளந்தோம். வைஃபை அனலைசர் ஆப் ஃப்ரீயாவே கிடைக்குது, ஈசிஇ பொண்ணுங்க கொஞ்சம் பேர் சேந்து ஒரு ஷீட் போட்டு, ரூம் ரூமா போய், கதவு பக்கம் எவ்வளவு, கட்டில்ல எவ்வளவு, ஜன்னலோரம் இருக்கற ஸ்டடி டேபிள்ல எவ்வளவுன்னு குறிச்சோம், எல்லாமே ராத்திரி 9க்கு மேல. வாய்ஸ் கால், வீடியோ கால் தடங்கல் இல்லாம ஓடணும்னா சிக்னல் மைனஸ் 67 டிபிஎம்மாவது இருக்கணும்னு டிசைன் பண்றவங்க பொதுவா வச்சுக்கற அளவு (மைனஸுக்குப் பின்னாடி நம்பர் பெருசாக ஆக சிக்னல் கம்மி). காரிடார்ல அது தாராளமா இருக்கு, மைனஸ் 40, 50னு காட்டுது. கதவைத் தாண்டினா சரசரன்னு இறங்குது. ஸ்டடி டேபிள்ல நிறைய ரூம்ல மைனஸ் 80க்கும் கீழ, வைஃபை ஓடற 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்ங்கற ரெண்டு அலைவரிசைல கடைசி ரூம்கள்ல 5 கிகாஹெர்ட்ஸ் பேரே லிஸ்ட்ல வரல. படிக்கறதுக்குன்னு போட்ட மேஜைலதான் நெட் இல்ல.

ஏன்னு தெரிஞ்சுக்க பெரிய ஆராய்ச்சி வேணாம், ரூம் லே-அவுட்டைப் பாத்தாலே போதும். கதவைத் திறந்ததும் ஒரு பக்கம் அட்டாச்டு பாத்ரூம், இன்னொரு பக்கம் சுவரோட சேத்து வரிசையா மூணு இரும்பு பீரோ, அதையெல்லாம் தாண்டி உள்ளதான் கட்டிலும் டேபிளும். காரிடார்ல இருந்து வர்ற சிக்னல் செங்கல் சுவர், டைல்ஸ் ஒட்டின பாத்ரூம் சுவர், இரும்பு பீரோன்னு எல்லாத்தையும் தாண்டி எங்ககிட்ட வரணும். இரும்புல பட்டா அப்படியே திரும்பிடும். சுவர்ல பட்டா உறிஞ்சிடும், 2.4ஐ விட 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சீக்கிரம் தேஞ்சு போகும். ஒரு சுவர் 10 டெசிபல் தின்னுச்சுன்னா மிஞ்சறது பத்துல ஒரு பங்கு, அதே மாதிரி ரெண்டு சுவர்னா நூறுல ஒரு பங்கு. இதை எங்களுக்கு சொல்லிக் கொடுத்ததே நம்ம காலேஜ் ஆன்டெனா பேப்பர்தான், இன்டர்னல்ல கேள்வியும் வந்துச்சு. புது பிளாக் பிளானையும் பாத்தோம், அதே லே-அவுட், பாத்ரூம் அதே இடத்துல.

"அதுக்குத்தான் பவரை ஃபுல்லா வச்சிருக்கோம்"னு ஐடி செல் சார் ஒரு தடவை சொன்னார். சார், நீங்க பவரை ஏத்தினா உங்க பேச்சு எங்களுக்குக் கேக்கும், எங்க ஃபோன் பேசறது உங்களுக்குக் கேக்கணும்ல? ஃபோனோட பவர் ரொம்ப கம்மி, அதை யாரும் ஏத்த முடியாது. அதனாலதான் சில இடத்துல ஃபுல் சிக்னல் காட்டும், வாட்ஸ்அப்ல ஒரு ஃபோட்டோ கூட போகாது. இன்னொண்ணும் நடக்குது, தூரத்துல இருக்கற ஆக்சஸ் பாயின்ட்டும் சத்தமாவே கேக்கறதால ஃபோன் அதையே பிடிச்சுக்கிட்டு பக்கத்துல இருக்கறதுக்கு மாறவே மாறாது.

காரிடார் நீளமா, நடுவுல தடுப்பே இல்லாம இருக்கு, அதனால அங்க மாட்டின ஆக்சஸ் பாயின்ட் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப நல்லா கேட்டுக்குது, ரூம்ல இருக்கற எங்களுக்குத்தான் கேக்க மாட்டேங்குது. ஒரே சேனல்ல (அலைவரிசைக்குள்ள இருக்கற ஒரு பாதை) ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் வாயை மூடிட்டு காத்திருக்கணும், வைஃபையோட அடிப்படை விதியே அதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மொத்தமே மூணு, 1, 6, 11. அதுல எங்க ஆக்சஸ் பாயின்ட், மேல் ஃப்ளோர், கீழ் ஃப்ளோர், மெஸ்ல ஒண்ணு, நெட் வரலன்னு ஆளாளுக்கு ஆன் பண்ணி வச்சிருக்கற ஹாட்ஸ்பாட்னு எல்லாம் முட்டிக்கிட்டு நிக்குது. 5 கிகாஹெர்ட்ஸ்ல அந்தப் பிரச்சனை இல்ல, 2018 அக்டோபர்ல மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ்ல 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு லைசென்ஸ் இல்லாம யூஸ் பண்ணலாம்னு திறந்து விட்டாச்சு, 20 மெகாஹெர்ட்ஸ் அகலம்னு வச்சா 20க்கும் மேல சேனல் கிடைக்கும். அவ்ளோ இடம் சும்மா கிடக்கு, ஆனா அது ரூமுக்குள்ள வரணும்னா ஆக்சஸ் பாயின்ட் ரூமுக்குள்ள இருக்கணும்.

இதுக்கு மேல எங்க ஹாஸ்டல்ல ஃபோன் லிஸ்ட்ல காட்டற வைஃபை பேரே 6 இருக்கு, ஸ்டூடண்ட், ஸ்டாஃப், கெஸ்ட், ஆபீஸ், எக்ஸாம் செல், கேமரா. லேடீஸ் ஹாஸ்டல் மூணாவது மாடில எக்ஸாம் செல்லுக்கு என்ன வேலைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. ஒவ்வொரு பேருக்கும் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டும் செகண்டுக்கு கிட்டத்தட்ட 10 தடவை "நான் இருக்கேன், நான் இருக்கேன்"னு அறிவிச்சுக்கிட்டே இருக்கும், அதுவும் இருக்கறதுலயே மெதுவான ஸ்பீடுல. யாரும் எதுவும் டவுன்லோட் பண்ணாமலே காத்துல கணிசமான நேரம் இப்படியே போகுது. தூரத்து ரூம்ல இருந்து தட்டுத் தடுமாறி மெதுவா பேசற ஒரு ஃபோன், பக்கத்துல இருக்கற லேப்டாப்பை விட பல மடங்கு நேரத்தை எடுத்துக்கும், அதனால ஒரு மூலைல சிக்னல் மோசமா இருந்தா அந்த மூலைக்கு மட்டும் இல்ல, மொத்த ஃப்ளோருக்கும் ஸ்பீடு அடி வாங்கும்.

இப்ப 1 ஜிபிபிஎஸ்க்கு வரேன். மொட்டை மாடில டேங்க்கை மூணு மடங்கு பெருசாக் கட்டிட்டு, 36 பேருக்கு ஒரு குழாய்னு விட்டா குளிக்கற கியூ குறையுமா? கணக்கு நான் போட்டே காட்டறேன். புது பிளாக்குல தரைத்தளத்தோட சேத்து 5 ஃப்ளோர், ஃப்ளோருக்கு 24 ரூம், ரூமுக்கு 3 பேர், ஆக ஃப்ளோருக்கு 72 பேர், ஆக்சஸ் பாயின்ட் 2, ஒண்ணுக்கு 36 பேர். பாக்ஸ் மேல 1200 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கும், அது 2.4ல 300ம் 5ல 867ம் கூட்டி ரவுண்ட் பண்ணின நம்பர், ரெண்டும் பெரிய சேனல் அகலத்துல, பக்கத்துலயே நின்னாத்தான். 5 ரூமுக்குள்ள ஒழுங்கா வராததால 2.4ஐ மட்டும் கணக்குல எடுக்கறேன். நெருக்கடியான இடத்துல 2.4ஐ 20 மெகாஹெர்ட்ஸ்லதான் ஓட்ட முடியும், ரெண்டு ஆன்டெனா இருக்கற, 11 என்ங்கற பழைய வைஃபை ஸ்டாண்டர்டு ஃபோன் அதிகபட்சம் 144ல பேசும், காத்திருக்கறது, பதில் சொல்றதுன்னு அதுல பாதி போயிடும். மிஞ்சற 70ஐ 36ஆல வகுத்தா ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் கூட முழுசா வரல, அதுவும் எல்லாரும் ஆக்சஸ் பாயின்ட்டுக்குக் கீழ நின்னா. பின்னாடி 1 ஜிபிபிஎஸ் இருந்தா என்ன, 10 இருந்தா என்ன? இருக்கற 300ஏ என்னைக்காவது ராத்திரி முழுசா நிறைஞ்சிருக்கான்னு ஃபயர்வால்ல (வெளி நெட் லைன் உள்ள வர்ற இடத்துல இருக்கற காவல் கருவி) கிராஃப் இருக்கும் சார், அதை எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. நிறைஞ்சிருந்தா 1 ஜிபிபிஎஸ் வாங்குங்க, நாங்க வாயே திறக்கல.

வெண்டர் "வைஃபை 6 போடறோம், எல்லாம் சரியாயிடும்"னு சொன்னதாவும் கேள்விப்பட்டோம். 2021ல வந்த ஸ்டாண்டர்டு, நல்லதுதான், ஒரே நேரத்துல பல டிவைஸ்க்கு சேனலைப் பிரிச்சுக் கொடுக்கும். ஆனா பாத்ரூம் சுவர் அதே சுவர்தான்.

சில நாள் இதெல்லாம் கூட பிரச்சனை இல்ல, "ஐபி அட்ரஸ் பெறுகிறது"ன்னு சுத்திக்கிட்டே இருக்கும், அவ்ளோதான். நெட்ல சேர ஒவ்வொரு ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரு ஐபி அட்ரஸ் நம்பர் வேணும், எங்க பிளாக்குக்குக் கொடுத்திருக்கற ரேஞ்சுல மொத்தம் 254 அட்ரஸ். ராத்திரி எல்லாரும் ரூமுக்கு வந்தா ஃபோன், லேப்டாப்னு அதை விட எவ்வளவோ அதிகம். முதல்ல வந்தவங்களுக்குக் கிடைக்கும், லேபுக்குப் போய் லேட்டா வந்தவங்க வெளிய நிக்க வேண்டியதுதான். இதை சரி பண்ண ஒரு பைசா செலவில்ல, செட்டிங்ல மாத்தற வேலை. அதே மாதிரிதான் அந்த மேக் அட்ரஸ் (ஃபோனோட வைஃபை அடையாள நம்பர்) ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்மும். ஆண்ட்ராய்டு 10ல இருந்தும் ஐஓஎஸ் 14ல இருந்தும் ஃபோன்களே பிரைவசிக்காக மேக் அட்ரஸை மாத்தி மாத்திக் காட்டுது, ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுங்க ஃபார்ம்ல எழுதிக் கொடுத்தது ஒண்ணு, நெட்வொர்க்ல தெரியறது ஒண்ணு, வாரக் கணக்குல ஆபீஸ் வாசல்ல நிக்கறாங்க. பாவமா இருக்கு.

செக்யூரிட்டிக்காகன்னு சொல்லாதீங்க. மொத்த ஹாஸ்டலுக்கும் ஒரே பாஸ்வேர்டு, அது மெஸ் அண்ணனுக்கும் தெரியும் ஜெராக்ஸ் கடைக்கும் தெரியும். ஆளுக்கொரு ரோல் நம்பர், ஆளுக்கொரு பாஸ்வேர்டுன்னு எண்டர்பிரைஸ் லாகின் கொடுத்தா யார் எப்ப வந்தாங்கன்னு லாக் தெளிவா இருக்கும், மத்திய அரசோட சைபர் செக்யூரிட்டி அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல்ல லாக் 180 நாள் வச்சிருக்கணும்னு சொன்னதும் அதுல சுலபமா நிறைவேறும். கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசு நெட்வொர்க் அமைப்பான எர்நெட் மூலமா, யுனிவர்சிட்டிகள் வைஃபையைப் பகிர்ந்துக்கற எடுரோம்ல சேந்துட்டா அதே லாகின் வேற யுனிவர்சிட்டிக்கு கான்ஃபரன்ஸ் போனாலும் வேலை செய்யும்.

10.30 கட் பத்தி. என்பிடெல் (ஐஐடிகள் சேந்து நடத்தற ஆன்லைன் கோர்ஸ், மத்திய அரசோட ஸ்வயம் தளத்துல ஓடுது) கோர்ஸ் எடுங்க, கிரெடிட் கிடைக்கும்னு எங்களைத் தள்ளினது நீங்கதான், யுஜிசி 2021 ரெகுலேஷனும் ஒரு செமஸ்டர்ல 40 சதவீதம் வரைக்கும் ஸ்வயம் கோர்ஸா எடுக்கலாம்னு அனுமதிக்குது. அந்த கோர்ஸ்ல வார அசைன்மென்ட் டெட்லைன் ராத்திரி 11.59. நீங்க வைஃபையை நிறுத்தறது 10.30. லேப் முடிஞ்சு, மெஸ் முடிஞ்சு, ஸ்டடி ஹவர்ஸ் அட்டெண்டன்ஸ் முடிஞ்சு ரூமுக்கு வரவே 9 ஆயிடுது. தூக்கம் கெடுதுன்னு வார்டன் மேடம் கவலைப்படறது புரியுது. 2007ல ஐஐடி பாம்பேலயே ஹாஸ்டல் இன்டர்நெட்டை ராத்திரி 11 மணிக்கு நிறுத்தினாங்க, அது பெரிய நியூஸ் ஆச்சு, அப்பவும் இதே காரணங்கள்தான், கேம் ஆடறாங்க, ரூமை விட்டு வெளிய வரல, தூங்கறதில்ல. ஆனா அப்ப யாரும் ஃபோன்ல டெஸ்ட் எழுதல, கிளாஸ் கவனிக்கல. இப்ப வைஃபை போனா யாரும் தூங்கறதில்ல மேடம், டேட்டா பேக் இருக்கறவங்க அதுல ரீல்ஸ் பாக்கறாங்க, பேக் இல்லாதவங்க அசைன்மென்ட்டை விட்டுடறாங்க. யாருக்கு நஷ்டம்னு பாத்துக்குங்க.

2019 செப்டம்பர் 19ஆம் தேதி கேரளா ஹைகோர்ட் கொடுத்த தீர்ப்பையும் ஞாபகப்படுத்தறேன். கோழிக்கோடு பக்கம் ஒரு காலேஜ் லேடீஸ் ஹாஸ்டல்ல சாயங்காலம் 6ல இருந்து 10 வரைக்கும் ஃபோன் தொடக் கூடாதுன்னு ரூல் போட்டாங்க, ஒத்துக்க மாட்டேன்னு சொன்ன பிஏ படிக்கற பொண்ணை ஹாஸ்டலை விட்டு அனுப்பிட்டாங்க. ஜஸ்டிஸ் பி.வி. ஆஷா, இன்டர்நெட் கிடைக்கறது கல்வி உரிமையிலயும் ஆர்ட்டிகிள் 21 சொல்ற பிரைவசியிலயும் அடங்கும்னு சொல்லி, அந்தப் பொண்ணைத் திரும்ப சேத்துக்கச் சொன்னாங்க. அது ஃபோன் கேஸ், இது வைஃபை, அது வேற மாநிலம், எல்லாம் தெரியும். மிரட்டறதுக்காக சொல்லல, ஒரு ரூல் போடறதுக்கு முன்னாடி யோசிக்கறதுக்காக சொல்றேன்.

எதுக்கு இவ்ளோ அவசரமா, இப்ப எழுதறேன்னா பூச்சு வேலை நடந்துக்கிட்டு இருக்கு. புது பிளாக்ல தரைத்தளம் பூசி முடிச்சாச்சு, ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல மேஸ்திரி ஆரம்பிச்சுட்டார், அதுக்கு மேல 3 ஃப்ளோரும் இன்னும் செங்கல்லாத்தான் நிக்குது. கரண்ட் பைப்புக்கு எலக்ட்ரீஷியன் அண்ணன்கள் சுவர்ல காடி வெட்டிக்கிட்டு இருக்காங்க. அவங்களே அதோட சேத்து, கரண்ட் லைன்ல இருந்து கொஞ்சம் தள்ளி, ஒவ்வொரு ரூமுக்கும் நெட்வொர்க் கேபிளுக்குத் தனி பைப் பதிச்சுட்டா பைப் விலையும் கொஞ்சம் கூலியும்தான். பூசி, பட்டி பாத்து, பெயின்ட் அடிச்சு, பொண்ணுங்க குடி வந்ததுக்கப்புறம் அதையே பண்ணணும்னா சுவரை உடைக்கணும், அதுக்கும் நாங்க உள்ள இல்லாத நேரம் பாக்கணும், செமஸ்டர் லீவு வரைக்கும் காத்திருக்கணும், அப்புறம் அது நடக்கவே நடக்காது, பழைய பிளாக்ல அப்படித்தான் ஆச்சு.

செலவு ஜாஸ்தியாகும்னு எங்களுக்கும் தெரியும். 3 ரூமுக்கு 1 ஆக்சஸ் பாயின்ட்னு உள்ள வச்சா ஃப்ளோருக்கு 8, மொத்தம் 40, உங்க பிளான்ல இருக்கறது 10. சுவர் பிளேட்லயே மாட்டற சின்ன மாடல் இருக்கு, காரிடார்ல தொங்கற பெரிய பாக்ஸ் தேவையே இல்ல. இப்ப முடியலன்னா கூட பைப்பும் கேபிளும் மட்டும் எல்லா ரூமுக்கும் போட்டு வச்சுட்டு, ஆக்சஸ் பாயின்ட்டை இந்த வருஷம் பாதி அடுத்த வருஷம் பாதின்னு மாட்டுங்க. பைப் இருந்தா எப்ப வேணும்னாலும் மாத்தலாம்.

அதனால நாங்க கேக்கறது இதுதான். வெண்டருக்குப் போற பர்ச்சேஸ் ஆர்டரை நிறுத்தி வைங்க, பூச்சு முடியாத ஃப்ளோர்கள்ல ஒவ்வொரு ரூமுக்கும் டேட்டா பைப் பதிக்க எலக்ட்ரிகல் கான்ட்ராக்டருக்கு இந்த வாரமே எழுதிக் கொடுங்க. தரைத்தளம் பூசினது பூசினதுதான், அங்க மட்டும் கேசிங் போட்டு வெளியில கொண்டு வாங்க, அழகு பத்தி நாங்க கவலைப்படல. கேபிள் எல்லாம் வந்து சேர்ற நெட்வொர்க் ஸ்விட்சை வைக்க ஃப்ளோருக்கு ஒரு ரேக் வைங்க, கேபிள் 100 மீட்டருக்கு மேல போகக் கூடாது, ரேக்குக்கு யுபிஎஸ் கண்டிப்பா வேணும், இப்ப கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறறதுக்குள்ள ஸ்விட்ச் எல்லாம் ஆஃப் ஆகி திரும்ப எழுந்திருக்கவே எவ்வளவோ நேரம் ஆகுது.

சர்வேயை ராத்திரி 9ல இருந்து 11க்குள்ள, பொண்ணுங்க ரூம்ல இருக்கும்போது, ரூமுக்குள்ள பண்ணணும். ஜென்ட்ஸ் வர முடியாதுங்கறது காரணமே இல்ல, நெட்வொர்க் லேப்ல லேடி ஸ்டாஃப் ரெண்டு பேர் இருக்காங்க, ஈசிஇ, சிஎஸ்இ ஃபைனல் இயர் பொண்ணுங்க நாங்க இருக்கோம், வெண்டர் எங்களுக்கு டூலைக் கொடுத்து எப்படி எடுக்கணும்னு சொல்லிக் கொடுத்தா அளந்து ரிப்போர்ட் கொடுக்கறோம். பழைய பிளாக்ல ஒரு ஃப்ளோர்ல டெம்பரவரியா ரூமுக்குள்ள ஆக்சஸ் பாயின்ட் வச்சுப் பாத்துட்டு அப்புறம் புது பிளாக்குக்கு எண்ணிக்கையை முடிவு பண்ணுங்க.

பழைய பிளாக்குக்கு உடனே செய்ய வேண்டியது: வைஃபை பேர் 3க்கு மேல வேணாம், ஐபி ரேஞ்சைப் பெருசாக்குங்க, மேக் ஃபார்மை நிறுத்திட்டு ரோல் நம்பர் லாகின் கொடுங்க, பவரைக் குறைச்சு சேனலை சரியாப் பிரிங்க. 2.4ஐ மொத்தமா மூடிடாதீங்க, அக்கா, அண்ணனோட பழைய லேப்டாப்பை வச்சு படிக்கறவங்க இருக்காங்க, அதுல 5 கிகாஹெர்ட்ஸ் வராது.

10.30 கட்டை எடுங்க, முழுசா எடுக்க மனசு வரலன்னா குறைஞ்சபட்சம் 12.30 வரைக்குமாவது விடுங்க, எக்ஸாம் டைம்லயும் பிளேஸ்மென்ட் சீசன்லயும் கட்டே வேணாம். பாய்ஸ் ஹாஸ்டலுக்கு என்ன நேரமோ அதே நேரம்தான் எங்களுக்கும்.

ஐடி சார்ஜ், ராத்திரி 9.30க்கு எல்லா ஃப்ளோர்லயும் ஸ்டடி டேபிள்ல அளந்து, அந்த அளவுல ஹாஸ்டல் கமிட்டிப் பொண்ணுங்க சைன் பண்ணினதுக்கு அப்புறம் மட்டும் வாங்குங்க. வெண்டருக்குக் கடைசி பேமென்ட்டும் அந்த சைனுக்கு அப்புறம்தான் போகணும்.

எங்க ஷீட்டை ரூம் நம்பரோட பிரின்ட் எடுத்து வார்டன் ஆபீஸ்ல கொடுத்திருக்கோம். பிரின்சிபால் சார், ஐடி செல், வார்டன் மேடம், எங்கள்ல நாலு பேர் உக்காந்து பேச ஒரு நேரம் சொல்லுங்க, அது ஃபர்ஸ்ட் ஃப்ளோர் பூச்சு முடியறதுக்கு முன்னாடி இருக்கணும். பதிலை வாய்ல சொல்லி அனுப்பாம, சர்க்குலர் ஒட்டின அதே போர்டுல எழுத்துல ஒட்டுங்க.

இப்படிக்கு,
ஃபைனல் இயர் ஈசிஇ,
லேடீஸ் ஹாஸ்டல், பழைய பிளாக், மூணாவது மாடி